பெருக்கமரமும் நாற்பதடிக் கபுறும்

மன்னார்ப் பள்ளிமுனைப் பெருக்கமரத்தடியில் போன வருசம் ஒரு மாலை நின்றிருந்தோம். தங்கச்சியின் மகள், பத்து வயசு, அங்கிருந்த பலகையைச் சத்தமாக வாசித்தாள். சுற்றளவு 19.5 மீற்றர். 1477இல் அரபு மாலுமிகள் நட்டதாக நம்பப்படுகிறது. வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, நடக்குள்ள ஆரு பாத்துக்கிட்டு நிண்டாங்க?"

சிரித்தேன். பதில் மட்டும் வரவில்லை. முப்பது வருசமாக வெளியூர்க்காரருக்கு அந்த ஆண்டைப் பெருமையாகச் சொல்லி வந்தவன் நான்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒன்று விளங்கியது. அது ஒரு கதை அல்ல, மூன்று செய்திகள். இந்த மரம் அந்நியம் என்பது முதலாவது. அது உறுதி, பெருக்கமரத்தின் தாயகம் ஆபிரிக்கா. அரபிகள் கொண்டு வந்தார்கள் என்பது இரண்டாவது. அது நடந்திருக்கலாம். ஆனால் ஆபிரிக்கக் கரையிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் அரபிகள் மட்டுமல்லவே. 1560இல் மன்னாரில் கோட்டை கட்டிய போர்த்துக்கீசருக்கு மொசாம்பிக்கில் துறைமுகம் இருந்தது. படைவீரராகவும் அடிமைகளாகவும் ஆபிரிக்கரும் வந்தார்கள். இந்தியத் துணைக்கண்டத்துப் பெருக்கமரங்களின் மரபணுவை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, அவை ஒரே தடவையில் அல்ல, பல தடவைகளில், பல வழிகளில் வந்தவை என்றே சொல்கிறது. மூன்றாவது செய்தி 1477. பலகை ஆண்டைச் சொல்கிறதே தவிர, அது எப்படித் தெரிந்தது என்று சொல்லவில்லை. பெருக்கமரம் வயது போகப் போக உள்ளே கோறையாகிவிடும். வளையத்தை எண்ணியோ சுற்றளவை அளந்தோ வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆபிரிக்காவில் இதற்குக் கதிரியக்கக் கரிமச் சோதனைதான் செய்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி முழுக்க மூன்றாவதில் தொங்குகிறது என்பதைக் கவனியுங்கள். 1477 சரியென்றால் போர்த்துக்கீசர் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் இலங்கைக்கு வந்ததே 1505இல்தான். அந்த ஆண்டு பிழையென்றால் கதவு திறந்துவிடும்.

அதே இரவு மூத்தவாப்பா சொன்ன இன்னொரு கதையும் ஞாபகம் வந்தது. தலைமன்னார்ப் பக்கத்து நீளக் கபுறுகள் ஆதம் நபியுடையதும் ஹவ்வா உம்மாவுடையதும் என்பார். நாற்பதடி. கடலுக்கு அந்தப் பக்கம் இராமேஸ்வரத்திலும் அப்படி இரண்டு நீளக் கபுறுகள் உண்டு. அவற்றை ஹாபில், காபில் என்பார்கள். ஹவ்வா உம்மாவின் கபுறு என்று ஜித்தாவிலும் ஒன்றைக் காட்டினார்கள். ஓராளுக்கு இரண்டு ஊரில் கபுறு இருக்க முடியாது.

"ஆதம் நபியின் உயரம் அறுபது முழம் என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. அறுபது முழம் என்றால் ஏறக்குறைய தொண்ணூறு அடி. நாற்பதடிக் கபுறு அந்தக் கணக்குக்கும் பொருந்தவில்லை. அந்த ஹதீஸில் மன்னாரும் இல்லை.

இப்படிக் கேட்பது ஈமானில் குறை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். 1406இல் காலமான இப்னு கல்தூன், பழங்காலத்தார் எல்லாரும் பூதாகரமானவர்கள் என்ற கதைகளை மறுத்தார். அதற்கு அவர் காட்டிய ஆதாரம் தமூது கூட்டத்தார் பாறையில் குடைந்த வீடுகள். அவற்றின் வாசல்கள் நம்முடைய வாசல்களைப் போன்றவைதானே என்றார். அவருக்குப் பின்வந்த ஹதீஸ் மேதை இப்னு ஹஜர் அஸ்கலானி, அந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதும்போது இதே வீடுகளைக் குறிப்பிட்டு, இந்தச் சிக்கலுக்குத் தமக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்று ஒளிக்காமல் எழுதினார். ஹதீஸை அவர் கைவிடவில்லை, கேள்வியை மறைக்கவுமில்லை. அறிவிப்பவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று ஹதீஸ் கலை தொடங்குகிற இடமும் தங்கச்சி மகள் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்.

மரத்துக்கும் கபுறுக்கும் ஏன் இவ்வளவு பேச்சு என்றால், எங்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. காணி உறுதி வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது. வருசக்கணக்காகப் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஒருவர் கேட்டார்: "நீங்க எப்ப வந்த ஆக்கள்?" நான் பெருக்கமரத்தைக் காட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த ஆண்டு பிழையென்று நாளைக்கு யாராவது காட்டினால், எங்கள் உரிமையும் பிழை என்றாகிவிடாதா?

ஆதாரமில்லாத செய்தியின் வலி நமக்குத் தெரியாததல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கதை பரவியது. கடையும் பள்ளியும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பிறகு சொன்னது. அன்றைக்கு "விசாரித்துப் பார்த்தீர்களா?" என்று நாம் கேட்டோம். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை மேடைகளில் எடுத்துக்காட்டினோம். அந்த வசனம் நமக்குப் பிடித்தமான செய்திகளுக்கும் சேர்த்துத்தான்.

கேட்டுப் பார்த்தால் எல்லாம் உதிர்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில் மாந்தையில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழு அகழ்ந்தது. யுத்தத்தால் வேலை நின்றது. மேற்காசிய மெருகுப் பாண்டங்களும் சீனப் பாண்டங்களும் அங்கே மண்ணுக்குள்ளிருந்து வந்தன. 1344இல் இப்னு பதூதா இந்தக் கரையில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அவருடைய முத்துக்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஓடு வணிகத்தைச் சொல்லும். என் பாட்டன் அங்கே குடியிருந்தார் என்று சொல்லாது. ஆனால் அது சொல்லுகிற அளவை யாராலும் மறுக்க முடியாது.

மிச்சத்தை நாங்கள்தான் சேர்க்க வேண்டும். பள்ளிக் கணக்குப் புத்தகம், கலியாணப் பதிவு, பழைய வரித்துண்டு, உறுதியின் பிரதி. மூத்தவர்கள் சொல்வதை எழுதும்போது "கண்டது" ஒரு பக்கம், "கேட்டது" ஒரு பக்கம். யாரிடம், எப்போது என்பதும் கூட. தங்கச்சி மகளுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பெருக்கமரத்தை "கேட்டது" பக்கம் எழுதியிருக்கிறாள். அதற்கு நேரே: "மாமா சொன்னார். மாமாவுக்கு யார் சொன்னது என்று கேட்க வேண்டும்."