இரண்டு ஊதிகள், ஒரு இன்ஜின்

கார் இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறதோ, அதற்கேற்பத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். காற்றை அழுத்தித் திணித்தால் சின்ன இன்ஜினும் பெரிய இன்ஜின் போல வேலை செய்யும். இதற்கு இரண்டு கருவிகள் உண்டு.

சூப்பர்சார்ஜரை இன்ஜினே சுற்றுகிறது. மிதித்தவுடன் பலன் தெரியும். ஆனால் இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். டர்போசார்ஜர், வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றுகிறது. ஆனால் போதுமான புகை வரும்வரை சும்மா இருக்கும். இந்தத் தாமதத்துக்கு டர்போ லேக் என்று பெயர்.

இரண்டையும் ஒன்றாகப் பூட்டினால்? இத்தாலியின் லான்சியா அதைத்தான் செய்தது.

உலக ராலி பந்தயத்தில் 1983ல் லான்சியா 037 தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. அதில் இருந்தது சூப்பர்சார்ஜர் மட்டும். அடுத்த ஆண்டே டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட ஆடி குவாட்ரோ பட்டத்தைப் பறித்தது. லான்சியாவின் பதில் டெல்டா எஸ்4. குறைந்த வேகத்தில் சூப்பர்சார்ஜர், வேகம் ஏறியதும் டர்போ. இன்ஜினின் அளவு 1759 சிசி மட்டுமே. காற்றைத் திணிக்கும் இன்ஜின்களின் அளவை 1.4 ஆல் பெருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பெருக்கினால் 2463 சிசி! 2500க்குள் அடங்கினால் எடை குறைந்த காரை ஓட்டலாம். கணக்குப் போட்டுத்தான் இன்ஜின் செய்திருக்கிறார்கள்.

1985 நவம்பரில் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியில் இந்தக் கார் அறிமுகமானது. ஃபின்லாந்தின் ஹென்றி டொய்வோனென் முதலிடம், அதே காரில் மார்க்கு ஆலன் இரண்டாமிடம். 1986 ஜனவரியில் மான்டி கார்லோவிலும் டொய்வோனெனே வென்றார்.

1986 மே 2. கோர்சிகா தீவின் மலைப்பாதையில் ஒரு இடப்பக்க வளைவில் அவரது கார் பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தது. 29 வயது டொய்வோனெனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். விபத்தின் காரணம் கடைசிவரை உறுதியாகவில்லை. ஆகவே பழியை இரட்டை ஊதிகள் மேல் போட முடியாது. ஆனால் இருக்கைகளுக்குக் கீழே பெட்ரோல் டேங்க், 900 கிலோவை ஒட்டிய எடை, 450 குதிரைத்திறனுக்கும் மேல் சக்தி... வேகத்துக்குச் செலவழித்த மூளையைப் பாதுகாப்புக்குச் செலவழிக்கவில்லை என்பது உண்மை. 1987 முதல் குரூப் பி கார்களுக்குத் தடை வந்தது. லான்சியா டர்போ மட்டும் கொண்ட டெல்டாவுக்கு மாறி, 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு பட்டங்களை வென்றது!

இரட்டை ஊதி அதோடு சாகவில்லை. 2005ல் ஃபோக்ஸ்வேகன் அதைக் கோல்ஃப் காரில் கொண்டுவந்தது. 1.4 லிட்டர் இன்ஜினில் 170 குதிரைத்திறன். இந்த முறை நோக்கம் பந்தயம் அல்ல, எரிபொருள் சிக்கனம். 2009லும் 2010லும் உலகின் சிறந்த இன்ஜின் விருது அதற்குத்தான். ஆனால் இரண்டு கருவி என்றால் இரண்டு செலவு, கூடுதல் சிக்கல். ஒற்றை டர்போவே மேம்பட்டு, தாமதம் குறைந்ததும் ஃபோக்ஸ்வேகனும் அதற்கே திரும்பியது.

இரட்டை ஊதி தோற்றுப்போன யோசனை அல்ல. டர்போ தன் குறையைத் தானே சரிசெய்துகொள்ளும்வரை அதற்குத் தோள் கொடுத்த யோசனை.