கூட இருக்க ஆள்: வைப்பு நிதி நோய் நிதியான வரலாறு

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டம், 1952 என்ற விதித்தொகுப்பில் 68-ஜெ என்றொரு பத்தி உண்டு. ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த பணத்தை நோய்க்காக முன்கூட்டியே எடுக்க வழி சொல்லும் பத்தி அது. ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆஸ்பத்திரியில் படுத்தால் எடுக்கலாம். பெரிய அறுவைச் சிகிச்சை என்றாலும் எடுக்கலாம். காசநோய், தொழுநோய், பக்கவாதம், புற்றுநோய், மனநோய், இதயநோய் ஆகியவை பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருந்தன. ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் ஒரு கணக்கு. தொழிலாளியின் சொந்தப் பங்கும் வட்டியும் இன்னொரு கணக்கு. இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. குடும்பத்தாரின் சிகிச்சைக்கும் இதே ஏற்பாடுதான்.

பட்டியலைப் பார்த்தாலே எந்தக் காலத்து மருத்துவத்தை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்பது புரிந்துவிடும். தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் கட்டிலோடு கிடந்த நோயாளிதான் அதன் நாயகன். சிறுநீரக நோய்க்கு அதில் பெயரில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போய் அன்றைக்கே வீடு திரும்புகிறவர் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் எங்கும் படுப்பதில்லை. அவரோடு ஆட்டோவில் போய், வெளியே பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் மகளோ மருமகளோ சட்டத்தின் எந்த வரியிலும் வரவில்லை. இந்தக் கட்டுரை தேடுவது அவளைத்தான்.

தேடலை 1944-இல் தொடங்கலாம். தொழிலாளருக்கான நோய்க் காப்பீடு பற்றிப் பேராசிரியர் பி.பி. அடார்கர் தந்த அறிக்கை அந்த ஆண்டில் வந்தது. அதை ஒட்டி 1948-இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதன் முதல் ஊர் கோவை, 1955. பஞ்சாலைகள் நிறைந்த ஊர் என்பதால் அதில் வியப்பில்லை. வைப்பு நிதிச் சட்டமும் 1952-இல்தான் நிறைவேறியது. தொடக்கத்தில் அது தொட்டவை சிமெண்ட், சிகரெட், எஞ்சினியரிங், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி என்ற ஆறு தொழில்கள் மட்டுமே.

ஆக, இரட்டைப் பிள்ளைகள்போல வளர்ந்த இரண்டு சட்டங்கள். நோய்க்கு ஒன்று, முதுமைக்கு ஒன்று. ஈ.எஸ்.ஐ.யில் இன்று தொழிலாளி நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 விழுக்காடு பணமாகவே கிடைக்கிறது. குறிப்பிட்ட நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுவரை. அருமையான ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. ஆனால் நோயாளி அவரேயாக இருக்க வேண்டும். தாய்க்குப் பக்கவாதம் வந்தால் ஈ.எஸ்.ஐ. தாய்க்கு மருத்துவம் பார்க்கும். கட்டிலருகே இருப்பதற்காக மகன் இழந்த நாள்கூலியைத் தராது.

இரண்டு சட்டங்களுக்கும் இடையில் போட்ட கோடு அழிந்ததற்கு ஒரு காரணம் சம்பள வரம்பு. 2017 முதல் ஈ.எஸ்.ஐ.க்கான வரம்பு மாதம் 21,000 ரூபாயிலேயே நிற்கிறது. மறுபக்கம் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்று தொடங்கிய அது, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, இன்று 5 லட்சம்வரை போகிறது. அதில் சேரக் குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்தைத் தாண்டக்கூடாது. மாதம் 25,000 அல்லது 30,000 ரூபாய் வாங்கும் தனியார் கம்பெனி ஊழியரை நினைத்துப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ.க்கு அவர் பணக்காரர். முதலமைச்சர் திட்டத்துக்கும் பணக்காரர். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் எடுத்திருந்தாலும் பெற்றோரைப் பல இடங்களில் அது சேர்ப்பதில்லை. மிச்சம் இருப்பது பி.எஃப். என்ற அந்த வைப்பு நிதி மட்டும்.

பி.எஃப்.க்கு முன்னால் கரையும் பொருள்களுக்கும் ஒரு வரிசை உண்டு. நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த வரிசை. கையிருப்பு, சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுப்பது, அடகுக் கடைக்குப் போகும் வளையல், தெரிந்தவரிடம் வட்டிக்குக் கடன். தேசிய மாதிரி ஆய்வின் 71-ஆம் சுற்றில் (2014), ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதன்மையாகக் கடனை நம்பிய குடும்பங்கள் கிராமப்புறத்தில் 25 விழுக்காடு, நகரத்தில் 18 விழுக்காடு. 75-ஆம் சுற்றில் (2017–18), பிரசவம் நீங்கலாக ஒருமுறை படுத்து எழுந்ததற்கு அரசு மருத்துவமனையில் சராசரியாக 4,452 ரூபாயும், தனியாரில் 31,845 ரூபாயும் ஆயின. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசாகக் கொடுக்கும் பங்கு 2013–14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021–22-இல் 39.4 விழுக்காடாக இறங்கியது உண்மைதான். ஆனால் இந்தக் கணக்குகளில் மருந்துக்குப் பில் இருக்கிறது, படுக்கைக்குப் பில் இருக்கிறது. கூட இருந்தவரின் சம்பளமில்லா விடுப்புக்குப் பில் கிடையாது.

2017 ஏப்ரலில் 68-ஜெ பத்திக்கு டாக்டர் சான்றிதழ் தேவையில்லை, தொழிலாளியின் சொந்த உறுதிமொழியே போதும் என்றானது. சானடோரியக் காலத்துப் பட்டியல் காகிதத்தில் இருந்தாலும் நடைமுறையில் கதவு அகலத் திறந்தது அன்றுதான். 2020 மார்ச்சில் கொரோனா முன்பணம் வந்தது: மூன்று மாதச் சம்பளம் அல்லது கணக்கில் உள்ளதில் 75 விழுக்காடு, எது குறைவோ அது. 2021 மே இறுதிக்குள் 76.31 லட்சம் விண்ணப்பங்களுக்கு 18,698 கோடி ரூபாய் பட்டுவாடா ஆயிற்று. அதே மாதத்தில் இரண்டாம் தடவையும் எடுக்கலாம் என்று அனுமதி தந்தார்கள். 2025 அக்டோபரில் நிதியின் அறங்காவலர் குழு பதின்மூன்று வகை முன்பணங்களை மூன்றாகச் சுருக்க முடிவெடுத்தது. நோய், படிப்பு, கல்யாணம் மூன்றும் ‘அத்தியாவசியத் தேவை’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்தன. கணக்கில் 25 விழுக்காடு எப்போதும் இருக்க வேண்டும் என்ற வேலியும் போடப்பட்டது. வேலி போடத் தோன்றியதே, ஓய்வு வருமுன் கணக்குகள் காலியாகிக்கொண்டிருந்ததற்கு அடையாளம்.

பணம் கரைவது ஒரு பக்கம். வேலையே கைநழுவுவது இன்னொரு பக்கம்; என் மதிப்பில் பெரிய இழப்பு அதுதான். 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலை செய்தார்கள், ஆண்களில் 21.4 விழுக்காடு. அப்படிச் செய்த பெண்களுக்கு நாளொன்றுக்கு 140 நிமிடம் போனது, ஆண்களுக்கு 74 நிமிடம். குழந்தை பார்ப்பதும் இதில் அடக்கம் என்பதை மறக்கக்கூடாது. அரசு ஏற்பாடுகளில் இந்த நிமிடங்களைத் தொட்டது, நானறிந்தவரை, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வருகின்றன. மாத்திரை வாங்க அரை நாள் வரிசையில் நின்றவருக்கு அந்த அரை நாள் மிச்சம். அந்தத் திட்டத்தின் பயனை மாத்திரைக் கணக்கில் மட்டும் அளப்பது போதாது.

வேலை விடுவதன் விலையை, வைப்பு நிதியோடு இணைந்த 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டம் துல்லியமாகக் காட்டும். பத்தாண்டு பணி இருந்தால்தான் 58 வயதில் பென்ஷன். கணக்கு எளிது: சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பர் முதல் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். 34 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், படுத்துவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ள 42 வயதில் வேலையை விடுகிறார். எட்டாண்டுப் பணி. படிவம் 10-சி அவர் முன் இரண்டு வழிகளை வைக்கிறது: பணமாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கிப் பணி ஆண்டுகளைக் காப்பாற்றி வைக்கலாம். வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு ஓடிக்கொண்டிருக்கும்போது சர்டிஃபிகேட்டை யார் கேட்கப்போகிறார்கள்? சம்பளம் உச்சவரம்பான 15,000 என்று கொண்டால், எட்டாண்டுக்கு அதன் 8.22 மடங்கு, 1,23,300 ரூபாய் கையில் கிடைக்கும். சில மாதத்தில் அது மருந்தாகவும் டயப்பராகவும் போய்விடும்.

மாமியார் காலமானபின் 51 வயதில் மறுபடி வேலைக்குப் போகிறார். 58-இல் ஓய்வு. இரண்டாம் தடவை ஏழாண்டு. அதுவும் பத்தை எட்டவில்லை. ஆக மொத்தம் பதினைந்தாண்டு வேலை செய்தும் பென்ஷன் ஒரு ரூபாய்கூட இல்லை. 42 வயதில் சர்டிஃபிகேட் வாங்கியிருந்தால் பதினைந்தாண்டும் சேர்ந்து மாதம் 3,214 ரூபாய் ஆயிருக்கும். ஓய்வூதியத் தொகையை எடுப்பதற்கான காத்திருப்பை இரண்டு மாதத்திலிருந்து 36 மாதமாக நீட்ட 2025 அக்டோபரில் எடுத்த முடிவைத் தொழிற்சங்கங்கள் குறை சொல்வதில் நியாயம் உண்டு. எட்டாண்டை அழித்துவிடாமல் இந்தப் பெண்ணைத் தடுத்து நிறுத்தியிருக்கக்கூடியதும் அதே முடிவுதான். ஆனால் அந்த 36 மாதம் டயப்பருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி பழையபடி அடகுக் கடை வாசலில்தான் நிற்கிறது.