உங்க லேப்டாப்புக்குள் ஒரு டேட்டா சென்டர்: குபர்நெட்டீஸ் மேஜைக்கு வந்த கதை

நம்ம நேயர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "என்கிட்ட 8 ஜிபி ரேம் லேப்டாப்தான் இருக்கு. இதுல குபர்நெட்டீஸ் கத்துக்க முடியுமா?" வேலை விளம்பரங்களில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, வீடியோ பார்த்து இன்ஸ்டால் செய்கிறார்கள். ஃபேன் கத்துகிறது, பிரவுசர் உறைகிறது. கடைசியில் "இதெல்லாம் நமக்கு வராது போல"ன்னு மூடி வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த எபிசோட். குபர்நெட்டீஸ் பிறந்தது டேட்டா சென்டருக்காக. நம்ம மேஜைக்கு அது வந்தது பிறகுதான். அந்த வரலாறு தெரிந்தால், எதை இன்ஸ்டால் செய்யணும், எதை விடணும்னு நீங்களே முடிவு பண்ணிடலாம்.

முதலில் கண்டெய்னர். 1979-ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'சேஞ்ச் ரூட்' என்று ஒரு வசதி வந்தது. ஒரு ப்ரோகிராமுக்கு ஒரே ஒரு ஃபோல்டரைக் காட்டி, "இதுதான் மொத்த டிஸ்க்"னு நம்ப வைப்பது. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டி இதையே 'ஜெயில்' என்று இன்னும் கெட்டியாக்கியது. 2006-ல் கூகுள் பொறியாளர்கள், ஒரு ப்ரோகிராம் எவ்வளவு சிபியு, எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தும் வேலையைத் தொடங்கினார்கள். சி-குரூப்ஸ் என்ற பெயரில் 2008-ல் அது லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. லினக்ஸில் கண்டெய்னர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. பார்வையை மறைப்பது, பங்கை அளந்து கொடுப்பது, இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

2013 மார்ச்சில் பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடம் பேசி டாக்கரைக் காட்டினார். அடியில் இருந்த தொழில்நுட்பம் பழசு. ஆப், லைப்ரரி, செட்டிங் எல்லாவற்றையும் ஒரே இமேஜாகக் கட்டி, எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பது புதுசு. "என் மெஷின்ல ஓடுதே" என்ற நம்ம துறையின் நிரந்தரச் சண்டைக்கு அன்றைக்கு ஒரு பதில் கிடைத்தது.

அடுத்த வருடமே பாதை இரண்டாகப் பிரிந்தது. 2014 ஜூனில் கூகுள் குபர்நெட்டீஸை வெளியிட்டது. ஜோ பேடா, பிரெண்டன் பர்ன்ஸ், கிரேக் மெக்லக்கி ஆகிய மூவர் அதைத் தொடங்கியவர்கள். கூகுளுக்குள் பல வருடமாக ஓடிய 'போர்க்' என்ற அமைப்பில் கற்ற பாடங்கள்தான் அடித்தளம். வாரத்துக்கு 200 கோடி கண்டெய்னருக்கு மேல் தொடங்குகிறோம் என்று ஜோ பேடா அந்த வருடம் ஒரு மாநாட்டில் சொன்னார். பெயருக்குக் கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். தமிழில் சொன்னால் மீகாமன், ஆமா, அந்த ஆர்யா படத்துப் பெயரேதான்.

அதே 2014-ல் டாக்கர் நிறுவனம், லண்டனின் ஆர்ச்சர்ட் என்ற சின்ன நிறுவனத்தை வாங்கியது. அவர்களின் 'ஃபிக்' என்ற கருவிதான் பிறகு டாக்கர் கம்போஸ் ஆனது. அது டெவலப்பர் மேஜையில் பிறந்தது. உதாரணமாக ஜாங்கோ ஆப், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் என மூன்றையும் ஒரே யாம்ல் ஃபைலில் எழுதி, 'அப்' என்று ஒரு கமாண்ட் கொடுத்தால் போதும். குபர்நெட்டீஸில் அதே ஆப்புக்கு டிப்ளாய்மென்ட், சர்வீஸ், கான்ஃபிக்மேப், சீக்ரெட் என்று அடுக்கணும். ஒரு மெஷின் செத்தாலும் ஆப் நிற்கக்கூடாது என்று யோசித்தவர்களுக்கு இது நியாயம். பட்டன் கலர் மாத்திப் பார்க்கிற நமக்கு?

அந்த இடைவெளியை மூட 2016-ல் மினிகியூப் வந்தது. லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதற்குள் முழு கிளஸ்டர். 2 சிபியு, 2 ஜிபி காலி மெமரி, 20 ஜிபி டிஸ்க் என்பது அதன் குறைந்தபட்சக் கணக்கு. குரோமும் எடிட்டரும் திறந்திருக்கும் லேப்டாப்பில் அந்த 2 ஜிபி காலியாக இருக்குமா, நீங்களே சொல்லுங்க.

புதுசா வர்றவங்க முதலில் முட்டிக்கொள்ளும் 'இமேஜ் புல் பேக்-ஆஃப்' எரரும் இதே வரலாற்றிலிருந்து வந்ததுதான். உங்க லேப்டாப்பில் பில்ட் செய்த இமேஜ், கிளஸ்டரின் கண்ணுக்குத் தெரியாது. டேட்டா சென்டரில் ஒவ்வொரு மெஷினும் ரெஜிஸ்ட்ரியில் இருந்துதான் இமேஜை இழுக்கும். உங்க குட்டி கிளஸ்டரும் அதே பழக்கத்தில் இணையத்தில் போய்த் தேடும். டேக்கை 'லேட்டஸ்ட்' என்று வைத்தால், நீங்கள் வேறு பாலிசி சொல்லாதவரை ஒவ்வொரு முறையும் தேடும். தனி டேக் கொடுத்து, இமேஜை நீங்களே கிளஸ்டருக்குள் ஏற்றினால் தீர்ந்தது.

பிறகு வந்த கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு வலியைக் குறைத்தன. 'கைண்ட்' விர்ச்சுவல் மெஷினை விட்டுவிட்டு, டாக்கர் கண்டெய்னரையே ஒரு நோடாக மாற்றியது. அது முதன்மையாக உருவானது குபர்நெட்டீஸையே டெஸ்ட் செய்ய. 2019-ல் ரேன்ச்சர் லேப்ஸ் 'கே3எஸ்' கொண்டுவந்தது. சின்ன மெஷின்களுக்காகத் தேவையில்லாததை வெட்டி, எட்சிடிக்குப் பதில் எஸ்க்யூலைட்டை வைத்தார்கள். அதை டாக்கருக்குள் ஓட்டுவது 'கே3டி'. கோடை மாற்றியதும் பில்ட், டிப்ளாய் இரண்டையும் தானே செய்ய ஸ்கேஃபோல்டு, டில்ட் வந்தன.

சரி, அந்த 8 ஜிபி லேப்டாப்புக்கு என் பதில். தினசரி கோடிங்குக்கு கம்போஸ் போதும், அது குறைந்த வழி இல்லை. குபர்நெட்டீஸ் கற்க, கே3டி-யில் ஒரே ஒரு நோடு போடுங்க. டேட்டாபேஸை கிளஸ்டருக்கு வெளியே கம்போஸிலேயே விட்டுவிட்டு, உங்க ஆப்பை மட்டும் உள்ளே வையுங்க. வேலை முடிந்ததும் கிளஸ்டரை அழிச்சிடுங்க, திரும்ப உருவாக்க அதிக நேரம் ஆகாது. ஒரு பாடை வேணும்னே டெலீட் பண்ணிப் பாருங்க. புதுசா ஒண்ணு தானா எழுந்து வரும். டேட்டா சென்டருக்காகக் கட்டிய அந்த விஷயத்தை உங்க மேஜையிலேயே பார்த்துட்டீங்க. இன்டர்வியூவில் கேட்டால் சொல்ல இதுவே நல்ல தொடக்கம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க லேப்டாப்பில் என்ன எரர் வருதுன்னு எழுதுங்க.