இறக்கையை அசைத்தும் சுட்டார்கள்

1965 செப்டம்பர் 19. இந்திய-பாகிஸ்தான் போர் நிற்க இன்னும் நான்கு நாள்கூட இல்லை. குஜராத் கடற்கரையில், டாடா உப்பு விளையும் மித்தாபூரிலிருந்து இரட்டை எஞ்சின் கொண்ட சிறிய பீச்கிராஃப்ட் விமானம் ஒன்று கட்ச் எல்லைப் பகுதியை நோக்கிக் கிளம்பியது. அது மாநில அரசின் விமானம். உள்ளே எட்டுப் பேர்: முதலமைச்சர் பல்வந்த்ராய் மேத்தா, அவர் மனைவி சரோஜ்பென், உதவியாளர்கள் மூவர், ஒரு பத்திரிகையாளர், விமானிகள் இருவர். ஓட்டியவர் ஜஹாங்கீர் இன்ஜினியர். இந்திய விமானப் படையில் போர் விமானம் ஓட்டிய அனுபவசாலி. அந்தப் படைக்கே தளபதியாக இருந்து முந்தைய ஆண்டு ஓய்வு பெற்றிருந்த ஆஸ்பி இன்ஜினியரின் உடன்பிறந்தவர்.

அமைதிக் காலத்தில் அது சாதாரண வான்வழி. போர் நடக்கும்போது எல்லையை ஒட்டிய வானம் முழுவதுமே பொதுவிமானங்களுக்கு ஆகாத வானம். பாகிஸ்தான் ராடாரில் ஒரு புள்ளி எல்லைப் பக்கமாக நகர்வது தெரிந்தது. இந்தியா அந்தப் பக்கம் புதிய போர்முனை திறக்கப்போகிறது, அதற்கு வேவு பார்க்க வந்த விமானம் இது என்று தரையில் இருந்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள். கராச்சியிலிருந்து சேபர் ஜெட்டில் புறப்பட்டார் கைஸ் ஹுசைன் என்ற இளம் விமானி.

அவர் கீழே இறங்கி வந்து பார்த்தபோது எதிரில் இருந்தது போர் விமானம் அல்ல. உடலில் எழுதியிருந்த எழுத்துகளைப் படிக்கும் அளவு நெருங்கினார். ஜஹாங்கீரும் ஜெட்டைப் பார்த்துவிட்டார். இரண்டு இறக்கைகளையும் மாறி மாறி அசைத்தார். வானொலியில் பேச வழியில்லாதபோது விமானிகளுக்கு இருக்கும் மொழி அதுதான். இடைமறித்த விமானத்துக்கு ‘நீ சொல்வதைக் கேட்கிறேன்’ என்று தெரிவிக்க இன்றைக்கும் உலகம் முழுவதும் அதே சைகைதான். இரக்கம் கேட்கிறார் என்று கைஸுக்குப் புரிந்தது. பார்த்ததைத் தரைக்குச் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டுக் காத்திருந்தார். சுடு என்று பதில் வந்தது.

முதல் சுடுதலில் இடது இறக்கையின் நுனி பிய்ந்தது. அடுத்தது வலது எஞ்சினில் பாய்ந்தது. சுதாரி என்ற கிராமத்தருகே விமானம் எரிந்து விழுந்தது. எட்டுப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சுதாரி இந்திய மண்ணில் இருக்கும் ஊர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். யாரைக் கொன்றோம் என்பது கைஸுக்கு அன்று மாலை அகில இந்திய வானொலிச் செய்தி வந்த பிறகே தெரிந்தது.

சென்னையை ஒட்டிய ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரத்துக்கும் கட்ச்சில் நடந்த இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அன்று இறந்த மேத்தாவுக்கு இந்த வட்டாரம் கடன்பட்டிருக்கிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது. தீர்மானம் மேடையில் நிறைவேறிவிட்டது. கிராமத்துக்கு அதைக் கொண்டுபோவது யார்? சமுதாய வளர்ச்சித் திட்டம் அதிகாரிகளின் திட்டமாகவே நின்றுபோயிருந்தது. ஏன் என்று ஆராய 1957இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு மேத்தா தலைவர். மக்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்புகளிடம் அதிகாரத்தையும் பணத்தையும் கொடுங்கள், கிராமம், வட்டாரம், மாவட்டம் என்று மூன்று படியாக அமையுங்கள் என்றது அந்தக் குழு. மூன்றில் வட்டாரத்துக்கே அது அதிக எடை கொடுத்தது.

காமராஜர் ஆட்சியில் 1958இல் வந்த சென்னை ஊராட்சிகள் சட்டத்தில் அந்த வட்டார அமைப்பு ‘ஊராட்சி ஒன்றியம்’ என்று பெயர் பெற்றது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வில்லிவாக்கம் ஒன்றியமும் பூவிருந்தவல்லி ஒன்றியமும்தான் குடிநீருக்கும் சாலைக்கும் மக்கள் போய் நின்ற வாசல்கள். குஜராத்தின் முதலமைச்சராக மேத்தா வந்தது 1963இல். பதவியில் இருக்கும்போது எதிரி நாட்டின் தாக்குதலில் உயிரிழந்த ஒரே இந்திய முதலமைச்சர் அவர்தான்.

46 ஆண்டுகள் கழித்து, 2011இல், கைஸ் ஹுசைன் ஜஹாங்கீரின் மகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, போன எட்டு உயிர்களுக்காகவும் வருந்தினார். அந்தப் பெண்மணி அவரைச் சபிக்கவில்லை. போர் ஆட்டுவித்த ஆட்டத்தில் எல்லாரும் காய்கள்தான் என்ற பொருளில் பெருந்தன்மையோடு பதில் எழுதினார். தந்தையைப் பறிகொடுத்த ஒருவர் அப்படி எழுத எவ்வளவு மனவலிமை வேண்டும்!

உலகம் பாடம் கற்க இன்னும் பெரிய சாவு தேவைப்பட்டது. 1983 செப்டம்பர் 1இல் வழிதவறி சோவியத் வானில் புகுந்த கொரிய பயணிகள் விமானத்தைச் சுட்டதில் 269 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, சர்வதேசப் பொதுவிமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையில் புதிய பிரிவு சேர்ந்தது: பறக்கும் பொதுவிமானத்தின் மீது ஆயுதம் பிரயோகிக்கக் கூடாது. அது நடைமுறைக்கு வந்தது 1998இல். இடையில், 1987 மே மாதம், மத்தியாஸ் ரஸ்ட் என்ற 18 வயது ஜெர்மன் இளைஞன் சின்ன செஸ்னா விமானத்தில் எல்லை தாண்டி மாஸ்கோ செஞ்சதுக்கத்தின் பக்கத்திலேயே இறங்கினான். தெரிந்தே தடைவானில் நுழைந்தவன் அவன். சோவியத் போர் விமானம் அருகில் வந்து பார்த்தும் அவனைச் சுடவில்லை. சிறைக்குப் போய், மறு ஆண்டே உயிரோடு ஊர் திரும்பினான்.

1965இல் நடந்ததற்குப் போர்க்காலம் என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எழுத்தைப் படிக்கும் தூரத்தில் ஒரு விமானி கண்ணால் பார்த்துச் சொன்னதைவிட, ராடார் திரையின் முன் உட்கார்ந்திருந்தவரின் சந்தேகம் பெரிதாகப்பட்டது. அந்த உத்தரவு குற்றம்தான்.

வில்லிவாக்கம், பூவிருந்தவல்லி ஒன்றியங்களின் பிரதிநிதிகளாக இருந்தவர்களுக்கும் இனி வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் அமரும் மன்றத்துக்கு வழி சொன்னவர் பல்வந்த்ராய் மேத்தா. வரும் செப்டம்பர் 19 அன்று அவர் படத்துக்கு ஒரு மாலை போடுங்கள். அவரோடு போன ஏழு பேரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.