ஓரிக்கையிலிருந்து ஒரு நாள்: பாலாற்றுக்குத் தெற்கே ஒரு சுற்று

காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள் காரில் வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். கைலாசநாதர், ஏகாம்பரநாதர், காமாட்சி, வைகுண்டப் பெருமாள், வரதர், நடுவில் ஒரு பட்டுக்கடை. எல்லாமே சில கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள. தப்பான பட்டியல்னு சொல்ல மாட்டேன். ஆனா இதில் தெரிவது ராஜாக்கள் கட்டின காஞ்சி மட்டும்தான். இந்த நகரத்துக்கு நெல் எங்கிருந்து வந்தது, ஏரியை யார் பார்த்துக்கிட்டாங்க, ஊர்க் கணக்கை யார் கேட்டாங்க, உடம்பு சரியில்லாதவன் எங்கே போனான்? இதுக்கெல்லாம் பதில் கல்லில் எழுதியே இருக்கு. என்ன, பாலாற்றைத் தாண்டணும்.

பட்டியல்கள் காலத்தோடு மாறக்கூடியவை என்பதையும் சொல்லிடறேன். 640 வாக்கில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள்னு எழுதி வைத்தார். அந்த மடங்களில் ஒன்றுகூட இன்றைய சுற்றுலாப் பட்டியலில் கிடையாது. அவருடைய பயணத் திட்டமே இங்கேதான் மாறியது. இலங்கைக்குப் போவதாக இருந்தவர், அங்கே அரசன் இறந்து பஞ்சம் வந்திருப்பதாக அங்கிருந்து வந்த துறவிகள் சொன்னதைக் கேட்டு வண்டியைத் திருப்பிவிட்டார்.

நான் சொல்லப்போகும் சுற்று ஓரிக்கையில் தொடங்குது. ஓரிக்கை, செவிலிமேடு பாலம், தூசி, மாமண்டூர், மானாம்பதி, உத்திரமேரூர், சாலவாக்கம், திருமுக்கூடல், பழையசீவரம், வாலாஜாபாத், மறுபடி காஞ்சி. நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும். ஒரு நாள் போதும்.

ஓரிக்கையில் தொடங்க ஒரு காரணம் உண்டு. இந்த ஊரின் பெயரே ஒரு பயணத்தின் இரவுத் தங்கல். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன், பல்லவ அரசனைப் பாட மறுத்ததால் நாடு கடத்தப்பட்டார். சீடன் கிளம்ப, ஆழ்வார் கிளம்ப, ஆழ்வார் சொன்னார் என்பதற்காகத் திருவெஃகா பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பிட்டார். மூணு பேரும் அன்றிரவு தங்கின இடம் ‘ஓரிரவு இருக்கை’, அதுவே ஓரிக்கை ஆச்சு என்கிறது தல வரலாறு. அரசன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்க, எல்லாரும் திரும்பினார்கள். திருவெஃகா பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள்னு பெயர் வந்தது இதனால்தான். (நிரல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான இஷ்ட தெய்வம் கிடையாது.) ஊர்ப்பெயர்க் கதைகளை எழுத்துக்கு எழுத்து நம்பணும்னு இல்லை. ஆனா திருவெஃகாவிலிருந்து ஓரிக்கை ரொம்பக் கிட்டம். ஊரை விட்டுப் போகிறவன் ஆற்றைக் கடக்கும் முன் கடைசியாக இளைப்பாறும் கரை இதுதான். கதை சொன்னவருக்கு இந்த வழி நல்லாத் தெரிஞ்சிருக்கு.

செவிலிமேடு பாலத்தில் பாலாற்றைக் கடக்கும்போது பெரும்பாலும் மணல்தான் தெரியும். 2021 நவம்பர் மாதிரி இரண்டு கரையும் தொட்டு ஓடுவது அபூர்வம். பாலம் தாண்டி, தூசிப் பக்கத்து ஊர்களை ஒட்டி இருக்கு ஐயங்கார்குளம். விஜயநகர வேங்கடபதிராயர் காலத்தில் வாழ்ந்த லட்சுமி குமார தாத்தாச்சாரியார் பெயரால் அமைந்த குளம். குளக்கரையில் சஞ்சீவிராயர் கோயில். பக்கத்தில் நடவாவிக் கிணறு: நடந்து இறங்கும் வாவி. படிகளில் இறங்கினால் பூமிக்கு அடியில் தூண்களோடு ஒரு கல் மண்டபம், அதுக்கு நடுவில் கிணறு. சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். காஞ்சி வரதர் செவிலிமேடு, தூசி வழியாக ஊர் ஊராக மண்டகப்படி வாங்கிக்கொண்டு வந்து, அந்தக் கிணற்று மண்டபத்தில் இறங்கி, ராத்திரி பாலாற்று மணலில் ஊறல் உற்சவம் கண்டு திரும்புவார். மற்ற நாளில் போனால் பல சமயம் தண்ணீரில் மூழ்கின படிகளைத்தான் பார்க்கலாம். அதுவும் நல்ல காட்சிதான்.

வரதர் வருஷத்துக்கு இரண்டு பெரிய வெளியூர்ப் பயணம் போகிறார். ஒன்று இந்த நடவாவி. இன்னொன்று இந்தச் சுற்றின் மறுகோடிக்கு, அதைக் கடைசியில் சொல்றேன். இரண்டையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் நம்முடைய சுற்றின் மேற்கு நுனியும் கிழக்கு நுனியும் கிடைச்சுடும். எந்தச் செயலியும் இல்லாத காலத்தில் கோயில் பஞ்சாங்கமே பயணத் திட்டமாக இருந்திருக்கு.

அடுத்து மாமண்டூர். ஏரிக்கரையை ஒட்டின குன்றில் நாலு குடைவரைகள். முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். ஒரு குடைவரையில் அவனுடைய சமஸ்கிருதக் கல்வெட்டு, சிதைந்த நிலையில். மத்தவிலாசம் என்ற அவனுடைய நாடகத்தின் பெயர் அதில் வருது. தன் நாடகத்தைப் பற்றிக் குகைச் சுவரில் எழுதி வைத்த ராஜாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா இங்கே முக்கால்வாசிப் பேர் குகையைப் பார்த்துவிட்டு ஏரிக்கு முதுகைக் காட்டிக்கிட்டே படம் எடுத்துட்டுப் போயிடறாங்க. என்னைக் கேட்டால் ஏரிதான் பெரிய விஷயம். கல்வெட்டில் இதற்குச் சித்திரமேக தடாகம்னு பெயர். பாலாற்று நீரைத் திருப்பிக் கொண்டுவந்து தேக்கின ஏரி. மழை முடிந்து மார்கழி, தை மாதங்களில் குன்றின் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பச்சை வயல். காலை எட்டு மணிக்கு முன்னாடி போங்க. பாறை சூடாகிட்டா குழந்தைகள் நிற்காது.

பக்கத்திலேயே குரங்கணில்முட்டம். சம்பந்தர் பாடிய வாலீசுவரர் கோயிலும் ஒரு பல்லவக் குடைவரையும் இருக்கு. நேரம் இருந்தால் போகலாம்.

அங்கிருந்து மானாம்பதி வழியாக உத்திரமேரூர். ஒரு சின்ன எச்சரிக்கை: மேப்பில் வைகுண்டப் பெருமாள் கோயில்னு மட்டும் தட்டினால் காஞ்சிக் கோயிலுக்கே திருப்பி அனுப்பிடும். ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தட்டுங்க. சுந்தரவரதப் பெருமாள் கோயிலும் இந்த ஊரில்தான். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தளங்களில் சன்னதிகள். நடை சாத்துவதற்கு முன்னால் அதை முடிச்சுடுங்க. கல்வெட்டுக் கோயிலில் படிக்க வேண்டியது சுவர் என்பதால் மத்தியானத்திலும் வேலை நடக்கும்.

இந்தச் சுவரில்தான் குடவோலை விதிகள் இருக்கு. முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகள், அதாவது 919, 921. இரண்டு கல்வெட்டும் ஏறக்குறைய ஒரே விஷயம். ஏன் இரண்டு என்பதுதான் எனக்குச் சுவாரசியம். முதல் விதியில் உறுப்பினர் வயது 30-க்கு மேல் 60-க்குள். இரண்டு வருஷம் கழித்து அது 35-க்கு மேல் 70-க்குள்னு மாறுது. எங்க தொழிலில் இதை வெர்ஷன் இரண்டு என்போம். முதல் பதிப்பை ஓட்டிப் பார்த்து, எங்கே இடிக்குதுன்னு கண்டு திருத்தியிருக்காங்க. பழைய பதிப்பை அழிக்கவும் இல்லை.

முறை இதுதான். ஊர் 30 குடும்புகள், நம்ம கணக்கில் வார்டுகள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற சொந்த நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் படிப்பும் உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போடணும். வயதில் மூத்த நம்பி குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் அவிழ்த்துப் போட்டுக் குலுக்கி, ஒரே ஒரு ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசிப்பார். விரலை ஏன் விரிக்கணும்? மறைத்து வைத்த ஓலையை மாற்றிவிடக் கூடாதே. இந்த ஒரு வரியை எழுதினவர் எத்தனை தில்லுமுல்லு பார்த்திருப்பாரோ!

தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். முந்தைய மூன்று வருஷத்துக்குள் பதவி வகித்தவர் நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவன் எந்தக் காலத்திலும் நிற்க முடியாது. அவன் மட்டுமில்லை, அவனுடைய சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன், மாமனார், மருமகன்னு உறவு முறையை வரிசையாக எழுதி அத்தனை பேரையும் விலக்கியிருக்காங்க.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் விழாவில் பிரதமர் பேச்சில் இந்த ஊர் இடம்பெற்ற பிறகு, உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் ‘ஜனநாயகத்தின் தாய்’னு ஒரு வரியோடு வர்றாங்க. பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தால் முழுசாச் சொல்லுங்க. இது வாக்கெடுப்பு இல்லை, சீட்டுக் குலுக்கல். இது பிராமணர்களுக்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். நிலம் இல்லாதவர், வேதம் படிக்காதவர், பெண்கள், வயலில் இறங்கி வேலை செய்தவர் யாருடைய பெயரும் அந்தக் குடத்துக்குள் போகலை. அதனால் இதன் மதிப்பு குறையுதான்னு கேட்டால், இல்லை என்பேன். அதிகாரத்தில் இருப்பவன் திருடுவான் என்று முன்கூட்டியே எண்ணி விதி எழுதின ஊர் இது. ஜனநாயகம்னு பெயர் வைக்காமலே அதைப் பெருமையாகச் சொல்லலாம்.

கோயிலை விட்டு வந்ததும் ஊர் ஏரியைப் பாருங்க. கல்வெட்டில் வயிரமேக தடாகம், பல்லவன் தந்திவர்மன் காலத்தது. அதைத் தூர் வாருவதற்காக வைத்த முதல் பற்றியும் இவ்வூர்க் கல்வெட்டுகள் பேசுது. மாமண்டூரில் ராஜா வெட்டின ஏரியைப் பார்த்தோம். இங்கே வெட்டின பிறகு அதை யார் பராமரித்தார்கள் என்பது தெரியுது. ஏரி வாரியத்தின் ஆறு பேர் யாருக்காகன்னு கரையில் நின்றால்தான் புரியும். அதனால்தான் மாமண்டூரை முதலில் வைத்தேன்.

சாப்பாடு உத்திரமேரூரிலேயே முடிச்சுக்கலாம். மந்தாரை இலையில் கோயில் இட்லி கட்டி எடுத்து வந்தால் இன்னும் நல்லது, சாயங்காலம் வரை தாங்கும்.

அங்கிருந்து சாலவாக்கம் வழியாகத் திருமுக்கூடல். இந்தப் பகுதியில் கல்குவாரி லாரிகள் அதிகம், இருட்டும் முன் கடந்துடுங்க. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். இங்கே வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 1068 வாக்கில் வெட்டியது. கோயிலின் வரவு செலவு மொத்தமும் அதில் இருக்கு. ஒரு கல்லூரி: மாணவர்கள் 60 பேர். ரிக்வேதத்துக்கு 10, யஜுர் வேதத்துக்கு 10, இலக்கணத்துக்கு 20, மீதி ஆகமங்களுக்கு. வைணவக் கோயில் என்றாலும் சைவ ஆகமம் படிக்க 3 பேருக்கு இடம் ஒதுக்கியிருக்கு.

பிறகு ஆதுலர் சாலை, அதாவது நோயாளிகள் தங்கும் மருத்துவமனை. பெயர் வீரசோழன். படுக்கை 15. ஒரு வைத்தியர், கத்தி வைத்து அறுத்துச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், ஒரு நாவிதர். இவர்களுக்குக் கூலி என்னன்னும் கணக்கு இருக்கு. வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம் என்று கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். ராத்திரி எரிய ஒரு விளக்கு, அதுக்கான எண்ணெய். அந்த விளக்கு எண்ணெய்க் கணக்கைப் படிச்ச பிறகுதான் எனக்கு அந்தப் பதினைந்து படுக்கையும் உண்மையாத் தெரிஞ்சுது. நடு ராத்திரி ஒருத்தன் முனகுவான், யாராவது எழுந்து பார்க்கணும்னு யோசித்து எழுதின செலவு அது.

காஞ்சியின் ஐந்து கோயில் பட்டியலில் இந்த மாதிரி ஒரு சுவர் கிடைக்காது. இருந்தும் பல வீட்டில் திருமுக்கூடல்னா கல்குவாரி, இல்லைன்னா பொங்கலுக்கு ஆற்றில் கூட்டம், அவ்வளவுதான்.

அந்தப் பொங்கல் கூட்டம்தான் நான் மேலே சொன்ன வரதரின் இரண்டாவது பயணம். வாலாஜாபாத் வழியாக இருபது கிலோமீட்டருக்கு மேல் வந்து, மாட்டுப்பொங்கல் அன்று பழையசீவரம் மலை மேல் பார்வேட்டை. பிறகு மலையிறங்கி, பழையசீவரம் நரசிம்மரோடு ஆற்றைத் தாண்டித் திருமுக்கூடலில் அக்கம்பக்கத்துப் பெருமாள்களைச் சந்திப்பார். நாம் அந்த வழியைத் தலைகீழாகப் போகிறோம். திருமுக்கூடல் பாலத்தைத் தாண்டினால் பழையசீவரம். மலை சின்னதுதான், ஆனா மேலிருந்து ஆறுகள் கூடும் இடம் முழுக்கத் தெரியும். தடுப்பணையில் தண்ணீர் நின்றால் சூரியன் இறங்கும் நேரம் ரொம்ப அழகு.

காலையில் கிளம்பத் தாமதமாகி, உத்திரமேரூரிலேயே மணி மூன்று தாண்டிட்டால் திருமுக்கூடலை இன்னொரு நாளைக்கு ஒத்திப் போடுங்க. அவசரமாகப் பார்க்கும் சுவர் இல்லை அது. அப்போது மாகறல் வழியாகத் திரும்பலாம். செய்யாற்றங்கரையில் சம்பந்தர் பாடிய சிவன் கோயில், பிறகு குருவிமலை, ஓரிக்கைப் பாலம். காஞ்சிக்கு வடக்கே புள்ளலூர் இருக்கு: மகேந்திரவர்மனும் புலிகேசியும் மோதின இடம், 1780-ல் ஹைதர் படை கும்பெனிப் படையை நொறுக்கின இடம். அதை இதோடு சேர்க்காதீங்க.

பழையசீவரத்திலிருந்து ஆறு மணிக்கு இறங்கினால் ஏழு மணிக்கு முன்னாடி காஞ்சி. வரதர் கோயில் நடை திறந்திருக்கும்.