செருப்பில்லாத கால்

பால்வெட்டு விடியுமுன் தொடங்கும் தொழில். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஒருவர் பங்குக்கு ஏறக்குறைய 500 மரம். நிறுத்த பாலுக்குத்தான் காசு. ஆகவே இருட்டில் வேகமாக நடந்தே தீர வேண்டும். காலடியைப் பார்த்து நிற்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. கெடாவில் பாடாங் திராப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராகச் சேர்ந்தபோது அந்த நடை பெரும்பாலும் வெறுங்கால் நடை. கத்தி, வாளி, மங்கு ஸ்டோரில் கொடுத்தார்கள். செருப்பு வேண்டுமானால் கடையில் கடன் சொல்லி வாங்க வேண்டும். சம்பள நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

வட கெடாவில் ஆண்டின் முதல் மாதங்கள் வறட்சி. ரப்பர் மரம் இலை கொட்டும், சருகு கணுக்கால் வரை கிடக்கும். அதே நிறத்தில் ஒரு விரியன் அதில் சுருண்டிருக்கும். மலாய்க்காரர்கள் ஊலார் காப்பாக் போடோ என்பார்கள். ஆள் வந்தால் ஓடாது. கடித்த பிறகும் பலமுறை அதே இடத்திலேயே கிடக்கும். கம்போடு திரும்பி வந்தவர்கள் அங்கேயே அடித்திருக்கிறார்கள்.

“டிரஸ்ஸர் ஐயா, கீறி ரத்தத்தை எடுத்துட்டோம், சரியாப் போயிடுமில்ல?” என்று கேட்டுக்கொண்டே கடிபட்டவரைத் தூக்கி வருவார்கள். கால் தொடை வரை வீங்கியிருக்கும், கயிறு சதைக்குள் புதைந்திருக்கும், பால்வெட்டுக் கத்தி கீறிய இடத்தில் இரத்தம் நிற்காது. அந்த விஷம் இரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் பிடித்து வைத்துப் பார்த்தாலே தெரியும். உறையவில்லையென்றால் உடனே லாரியில் அலோர் ஸ்டார் மருத்துவமனைக்கு அனுப்புவோம்.

இந்த விரியன் கடியை முறையாக ஆராய்ந்தவர் பினாங்குப் பொது மருத்துவமனையில் இருந்த டாக்டர் அலிஸ்டர் ரீட். வட மலாயாவில் கடிபட்டவர்களைக் கவனித்து அவர் எழுதியவை 1963-இல் லான்செட் இதழில் வந்தன. கடிபட்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள் என்று அவர் காட்டினார். கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கேடு என்றார். இரத்தம் உறையாமல் போயும் பலர் தப்பியதைக் கண்டதால், அதே விஷத்திலிருந்து இரத்தக்கட்டியைத் தடுக்கும் ஆர்வின் என்ற மருந்து பிறந்தது. எங்கள் ஜனங்கள் பட்ட கடி, உலகத்தில் யாருக்கோ உயிர் கொடுத்தது. அவர்கள் காலுக்கு ஒரு ஜோடி சப்பாத்து மட்டும் பல ஆண்டு கழித்தே வந்தது.

மலேசியாவில் பணிக்கிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1994-இல். பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுக்கும் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது என்கிறது அதன் 26-ஆம் பிரிவு. அதற்குள் கூலிம், சுங்கைப்பட்டாணிப் பக்கம் பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்திருந்தது. ஆபத்தும் தலைக்கு மேலே ஏறிக்கொண்டது: முள் மட்டை, 20 கிலோவுக்கு மேல் கனக்கும் குலை, கண்ணில் விழும் தூசி. 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட, மகரந்தம் சேர்க்கும் வண்டால் காய்ப்பு கூடியது, குலையும் கனத்தது.

குலை வெட்டும் மூங்கில் கம்புக்குப் பதில் அலுமினியக் கம்பு வந்தபோது தோளுக்கு இதமாக இருந்தது. மின்கம்பியில் பட்டால் அது உயிரைக் குடிக்கும். கம்பி ஓடும் நிரையில் கம்பைத் தூக்குமுன் அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுக்க ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளுக்குக் குலைக் கணக்கு பார்க்காமல் முழு நாள் கூலி கொடுக்க வேண்டும்.