யர்மூக் பள்ளத்தாக்கின் சுரங்கப் பாதைகள்

ஜோர்டான் நாட்டின் வடமேற்குக் கோடியிலுள்ள உம்மு கைஸ் மேட்டில் நின்று கீழே நோக்கினோம். ஒருபுறம் தபரிய்யா ஏரி. எதிரே ஜவ்லான் மேட்டுநிலம். இடையே ஆழத்தில் யர்மூக் ஆறு. கி.பி. 636-இல் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் ரோமரை வென்ற களம் இவ்வாற்றுக்கு வடபால் உள்ளதை வாசகர் அறிவர். ஆயினும் நாம் நாடி வந்தது வேறு. இப்பள்ளத்தாக்கின் பாறைகளைக் குடைந்து ரயிலுக்காக அமைத்து, பின்னர் கைவிடப்பட்ட சுரங்கங்களை எண்ணியே வந்தோம்.

அவை ஹிஜாஸ் ரயில்பாதையின் கிளையொன்றைச் சேர்ந்தவை. ஸுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் 1900-இல் ஆணையிட்ட அப்பாதை, திமிஷ்கிலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கடந்து 1908-இல் மதீனாவை அடைந்தது. ஒட்டகத்தில் நாற்பது நாள் சென்ற வழி, மூன்று நான்கு நாளாகச் சுருங்கிற்று. தொடக்கத்தில் தண்டவாளங்கள் பெய்ரூத் துறைமுகத்தில் இறங்கி, பிரெஞ்சுக் கம்பெனியின் ரயிலில் திமிஷ்குக்கு வந்தன. அக்கம்பெனி கேட்ட கூலியோ மிகுதி! ஆகவே ஹைஃபாத் துறைமுகத்திலிருந்து தர்ஆ வரை சொந்தப் பாதை போட்டு 1905-இல் முடித்தனர். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஏரிக்கரையிலிருந்து, கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்கும் மேலுள்ள தர்ஆவுக்கு ஏறவேண்டும். அதற்கு யர்மூக் பள்ளத்தாக்கே வழி. ஆற்றின் மீது பாலங்கள், பாறையில் சுரங்கங்கள். மேற்பார்த்தவர் ஜெர்மானியப் பொறியாளர் மைஸ்னர் பாஷா.

பணம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பியரிடம் கடன் வாங்கவில்லை. அரசு ஊழியரின் சம்பளத்தில் பிடித்தார்கள். குர்பானித் தோல்களைத் திரட்டி விற்றார்கள். உலக முஸ்லிம்களிடம் நன்கொடை கேட்டார்கள். கொடுத்தோர்க்குப் பதக்கம் அளித்தார்கள். நம் நாட்டில் அமிர்தசரசிலிருந்து வெளிவந்த ‘வகீல்’ என்னும் உருது இதழின் ஆசிரியர் முஹம்மது இன்ஷாஅல்லாஹ் இதற்காக ஓயாது எழுதினார். குர்பானித் தோல் காசில் நடந்த மதரஸாவில் ஓதியவர் நாம். அந்தக் காசு எத்தகைய காசு என்பதை எவரும் நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

முதல் உலகப்போரில் லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர் இப்பாதையைத் தகர்க்க முயன்றார். 1917 நவம்பரில் தல் ஷிஹாப் பாலத்தருகே இரவில் வந்தபோது, உடன் வந்தவரின் துப்பாக்கி பாறையில் விழுந்து ஓசையிட, காவலர் சுட, வெறுங்கையுடன் திரும்பினார். அவர் புகழ் திரைப்படம் வரை சென்றுவிட்டது. தோல் கொடுத்தவனின் பெயரை எழுதுவார் இல்லை. அவர் விட்டதை 1946 ஜூனில் பல்மாக் என்னும் யூதப் படையினர் செய்தனர்; ஒரே இரவில் பல பாலங்களைத் தகர்த்தபோது அல்ஹம்மா அருகேயுள்ள ரயில் பாலமும் வீழ்ந்தது. பாலம் அற்றபின் சுரங்கங்களுக்கு வேலை ஏது? 1948-க்குப் பின் அங்கே நாட்டெல்லைகளும் குறுக்கிட்டன.

சுரங்க வாயில்களை நெருங்க எல்லைக் காவல் இடம் தரவில்லை. மேட்டில் அமர்ந்திருந்த உள்ளூர் முதியவர் ஒருவர், பாதை சென்ற திசையைக் கைத்தடியால் காட்டினார். எந்நாட்டார் என்று வினவினார். ஹிந்த் என்றோம். குர்பானித் தோல் விற்ற கதையை அரபியில் எடுத்துரைத்தோம்.

“தோலா?” என்று இருமுறை கேட்டார்.